மகிழ்ச்சியை அளந்து பார்க்க முனைவோருக்கு: பன்னிரண்டு வார வழிகாட்டி

உளவியல் ஆய்வுகளைப் படித்து, அவற்றின் துணையோடு என் அன்றாட மனநிலையைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம் என்று இறங்கிய முதல் ஓராண்டு எனக்கு வீணாயிற்று. தியானம், நன்றிக் குறிப்பு, அதிகாலை நடை, கைப்பேசியைத் தொடாத மாலை என நான்கையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினேன். அதுவும் என் வாழ்வின் மிக மோசமான வாரங்களில் ஒன்றில் தொடங்கினேன். மூன்று வாரத்தில் மனம் தெளிந்தது. எதனால் தெளிந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறாம் வாரத்துக்குள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. அவற்றில் எதை மீண்டும் பிடித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. இப்படியே மூன்று சுற்று நடந்தது.

பிறகு ஒழுங்காக ஏடு வைத்து, பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றை இரண்டு முறை நடத்தினேன். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். இதன் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: எது உங்கள் மனநிலையை உண்மையிலேயே உயர்த்துகிறது, எது உயர்த்துவதாகத் தோன்ற மட்டும் செய்கிறது என்பதைப் பிரித்தறிய இது உதவும். நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ இது உதவாது. ஆகவே முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து கேள்வி நல்வாழ்வு வினாத்தாள் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடலில் சுறுசுறுப்பு இருந்ததா, தூங்கி எழும்போது களைப்பு நீங்கியிருந்ததா, அன்றாட வாழ்வில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா என்ற ஐந்தையும் அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எத்தனை என்று கிடைத்துவிடும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மதிப்பெண் 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உங்களுக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று பொருளாகாது. ஆனால் அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்று பொருள். துயரமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் நீடித்தாலும் அப்படியே. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, இன்றே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ நம்பிக்கையான ஒரு மனிதரிடமோ பேசுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது கையில் இருக்க வேண்டியவை: தேதியிட்ட வினாத்தாள், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு (படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த தடவைகள்), இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகள். தைராய்டுச் சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறும் சோர்வையும் மந்தமான மனநிலையையும் உண்டாக்கி, மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். இவற்றை விலக்காமல் நன்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பது, எண்ணெய் இல்லாத விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருப்பதற்குச் சமம். என் முதல் ஆண்டு வீணானதற்கு இதுவும் ஒரு காரணம்: எனக்கு இரத்தசோகை இருந்தது, பரிசோதனை செய்துகொள்ள ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன்.

மனநல மருத்துவரோ ஆலோசகரோ சிகிச்சையைத் தொடங்கினால், காலக்கணக்கை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். எண்ணங்களையும் நடத்தையையும் சீரமைக்கும் பேச்சுச் சிகிச்சையில் ஏறத்தாழ ஒரு மணி நேர அமர்வுகள் ஐந்து முதல் இருபது வரை தேவைப்படுவது வழக்கம். ஓர் அமர்வின் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்கியவர்கள் நான்காம் அமர்வில் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் எத்தனை அமர்வு, தவறவிட்ட அமர்வுக்குக் கட்டணம் உண்டா, எத்தனையாவது அமர்வில் முன்னேற்றத்தை மதிப்பிடுவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் முதல் நாளே கேளுங்கள்.

2. ஏட்டையும் தாள்களையும் தயார் செய்யுங்கள்

தேவையானவை மிகக் குறைவு. கையடக்கமான ஏடு ஒன்று. மேலே சொன்ன ஐந்து கேள்வித் தாளின் ஆறு பிரதிகள். வாழ்க்கைத் திருப்தி வினாத்தாளின் இரண்டு பிரதிகள். கடைசியாகச் சொன்னதை எட் டீனரும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்டார்கள். அதிலும் ஐந்தே வாக்கியங்கள்தாம்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 35 வரை வரும். 20 என்பது நடுநிலை. இரண்டு வினாத்தாள்களும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம் என்பதால், இவற்றைக் காசுக்கு விற்கும் செயலிகளிடம் சிக்காதீர்கள்.

இரண்டு தாள்கள் ஏன் என்று கேட்கலாம். அந்தந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்பதும், வாழ்க்கையை மொத்தமாக எப்படி மதிப்பிடுகிறோம் என்பதும் வெவ்வேறு பொருள்கள். கைக்குழந்தையை வளர்க்கும் ஒருவர் நாள் முழுவதும் களைத்தும் எரிச்சலுற்றும் இருந்துவிட்டு, வாழ்க்கை நிறைவாக இருக்கிறது என்று உண்மையாகவே சொல்லலாம். இந்த இரண்டையும் ‘மகிழ்ச்சி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் பாதி விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

ஏட்டின் முதல் பக்கத்தில் உங்கள் அளவுகோலை வரையறுத்து எழுதுங்கள். நான் எழுதியது இது: 0 என்றால் ‘இந்த நேரம் எப்படியாவது முடிந்தால் போதும்’; 10 என்றால் ‘இந்த நேரம் இன்னும் நீளட்டும்’; 5 என்றால் ‘முடிந்தாலும் சரி, நீண்டாலும் சரி’. இப்படி எழுதி வைக்காவிட்டால், முதல் வாரத்து 6 ஒன்றாகவும் எட்டாம் வாரத்து 6 வேறொன்றாகவும் ஆகிவிடும்.

காலச் செலவு: பகலில் மூன்று முறை பத்துப் பத்து நொடிகள், இரவில் ஐந்து நிமிடங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம். பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் ஆகும். பணச் செலவு ஏட்டின் விலை மட்டுமே.

3. இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

இந்தப் படிதான் மிகவும் சலிப்பூட்டும். பெரும்பாலானோர் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

மனநிலை ஏறியும் இறங்கியும் கொண்டே இருப்பது. நாம் ‘ஏதாவது செய்தாக வேண்டும்’ என்று முடிவெடுப்பது, பெரும்பாலும் அது மிகத் தாழ்ந்திருக்கும் வாரத்தில். மிகத் தாழ்ந்த நிலைக்குப் பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும் அது வழக்கமான சராசரியை நோக்கி ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் நீங்கள் தியானம் செய்துகொண்டிருந்தால் பெருமை தியானத்துக்குப் போகும். மூலிகைச் சாறு குடித்துக்கொண்டிருந்தால் சாற்றுக்குப் போகும். என் நான்கு பழக்கங்களும் மூன்று வாரத்தில் ‘பலித்த’ கதை இதுதான் என்பது, ஏடு வைத்த பிறகே எனக்கு விளங்கியது. ஆகவே மோசமான வாரத்தில் தொடங்க நேர்ந்தால், சற்றுப் பொறுத்து, வழக்கமான வாரம் ஒன்று வந்த பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு நாளும் மூன்று நேரங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்துக் கைப்பேசியில் மணி வையுங்கள். மணி அடித்ததும், அந்தக் கணத்து எண்ணையும், செய்துகொண்டிருந்த வேலையையும், மனம் அந்த வேலையில் இருந்ததா வேறெங்கோ இருந்ததா என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். இறுதியாகச் சொன்னதை விட்டுவிட வேண்டாம். மாத்தியூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக இப்படித்தான் கேட்டார்கள். கேட்ட தடவைகளில் 46.9 விழுக்காட்டில் மனம் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது, அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இரவில் படுக்கும் முன், அந்த நாள் முழுவதற்குமாக ஓர் எண்ணைத் தனியாக எழுதுங்கள். பகலில் எழுதிய எண்களைப் பார்க்காமல் எழுத வேண்டும்.

வழுக்கும் இடம்: மணியை நிலையான நேரத்தில் வைத்தால், எப்போதும் ஒரே வகையான பொழுதையே அளப்பீர்கள். மதிய உணவு முடிந்த நேரத்தை மட்டும் அளந்தவருக்கு வாழ்க்கை முழுவதும் தூக்கக் கலக்கமாகத் தெரியும். வண்டி ஓட்டும்போது மணி அடித்தால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்; பின்னர் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.

4. நேற்றைய நாளைத் துண்டுகளாகப் பிரித்து எழுதுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு வேலை நாளுக்கும் ஒரு விடுமுறை நாளுக்கும் செய்யுங்கள்; பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். டேனியல் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் 2004இல் வேலைக்குச் செல்லும் 909 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முறை இது. நேற்றைய நாளை ஒரு திரைப்படத்தின் காட்சிகளைப்போல் பிரியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், உடனிருந்தவர், செய்த செயல், இருந்த உணர்வு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் நிரப்புங்கள்.

என் ஏட்டிலிருந்து ஒரு நாளைக் காட்டுகிறேன். அன்றிரவு நான் எழுதிய எண் 3. பக்கத்தில் ‘நாள் முழுவதும் பாழ்’ என்ற குறிப்பு. மறுநாள் பிரித்து எழுதியபோது கிடைத்தவை: காலை ஆறரை முதல் ஏழேகால் வரை நடை, 6. பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை தடையில்லாத வேலை, 7. பிற்பகலில், கீல் கழன்று தொங்கிய அலமாரிக் கதவைக் கழற்றித் திருகுகளை மாற்றி மீண்டும் பொருத்திய நாற்பது நிமிடம், 8. மாலை ஏழே முக்காலுக்கு வந்த தொலைபேசி அழைப்பு, ஏழு நிமிடம், 1. அதன் பிறகு படுக்கும் வரை 4. விழித்திருந்த பதினாறு மணி நேரத்தில் ஏழு நிமிடம் நாள் முழுவதற்கும் பெயர் வைத்துவிட்டது. அலமாரிக் கதவு இரவில் நினைவுக்கே வரவில்லை.

இது என் தனிப்பட்ட கோளாறு அன்று. ஓர் அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சக்கட்டமும் முடிவும்தான் மேலோங்கி நிற்கின்றன. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறத்தாழக் கணக்கிலேயே வருவதில்லை. கானமன் குழுவின் 1993ஆம் ஆண்டுச் சோதனையில், 32 பேர் 14 டிகிரி குளிர்நீரில் ஒரு முறை 60 நொடிகள் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடிகளோடு, நீரைச் சிறிது சிறிதாக 15 டிகிரிக்கு ஏற்றிய மேலும் 30 நொடிகளும் வைத்திருந்தார்கள். மூன்றாம் முறை எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது, 22 பேர் கூடுதல் வலியைத் தந்த நீண்ட முறையையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்றே இதமாக இருந்ததுதான் காரணம். நம் விடுமுறைப் பயணங்களையும் வேலைகளையும் உறவுகளையும் பற்றி நாம் தரும் தீர்ப்புகளும் இந்த நினைவிலிருந்துதான் வருகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் இரவு எண்களின் சராசரியையும் பகல் எண்களின் சராசரியையும் இரண்டு வார முடிவில் தனித்தனியே கணக்கிடுங்கள். எனக்கு இரவு 4.6, பகல் 5.4. சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே உங்களைப் பற்றி நீங்கள் அறியும் முதல் செய்தி.

5. முன்கணிப்பை எழுதி மூடி வையுங்கள்

அடுத்த பன்னிரண்டு வாரத்தில் நடக்கவிருக்கும் மூன்று நிகழ்வுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு தேர்வு முடிவு, ஒரு திருமணம், ஒரு மருத்துவப் பரிசோதனை, எதுவாயினும் சரி. நிகழ்வு முடிந்த அன்று, மூன்றாம் நாள், பத்தாம் நாள் உங்கள் எண் என்னவாக இருக்கும் என்று இப்போதே எழுதி, பக்கத்தை மடித்து ஒட்டிவிடுங்கள். ஒட்டுவது விளையாட்டுக்கு அன்று. ஒட்டாவிட்டால், நிகழ்வுக்குப் பிறகு ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று மனம் தன் கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

நான் விண்ணப்பித்திருந்த ஒரு பணி கைநழுவினால் பத்தாம் நாளிலும் 2தான் இருக்கும் என்று எழுதியிருந்தேன். கைநழுவியது. அன்று 2, மூன்றாம் நாள் 5, பத்தாம் நாள் 6. கில்பர்ட், டிமதி வில்சன் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்கைக் காணலாம். பணி நிரந்தரத்துக்காகக் காத்திருந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள், அது மறுக்கப்பட்டால் சில ஆண்டுகள் துயரத்தில் கழியும் என்று கணித்தார்கள். ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களோ, கிடைத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சி குன்றியிருக்கவில்லை.

வழுக்கும் இடம்: இதிலிருந்து ‘மனிதன் எதற்கும் பழகிவிடுவான்’ என்ற முடிவுக்குத் தாவாதீர்கள். குலுக்கலில் பெரும்பணம் வென்றவர்களும் விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் ஒரே அளவு மகிழ்ச்சிக்குத் திரும்பினார்கள் என்று 1978ஆம் ஆண்டு ஆய்வொன்றை மேற்கோள் காட்டாதவர் இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 22 வெற்றியாளர்களும் விபத்துக்கு உள்ளான 29 பேரும் மட்டுமே. விபத்துக்கு உள்ளானவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குன்றியே இருந்தார்கள். பிற்கால நீண்ட ஆய்வுகளில், வேலையிழப்பும் கடுமையான உடற்குறையும் வாழ்க்கைத் திருப்தியைப் பல ஆண்டுகள் தாழ்த்தி வைத்திருப்பது தெரிந்தது. மோசமான சூழலில் இருப்பவரிடம் ‘பழகிவிடும்’ என்று சொல்ல உளவியல் உங்களுக்கு உரிமை தரவில்லை.

6. ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றாம் வாரம் தொடங்கும்போது ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறீர்கள். இரண்டு கூடாது, எதனால் பலன் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? மகிழ்ச்சிக்காக மிகுதியாகப் பரிந்துரைக்கப்படும் வழிகளுக்கான சான்றுகளை டுனிகன் ஃபோக், எலிசபெத் டன் ஆகிய இருவரும் 2023இல் ஒன்றுதிரட்டிச் சலித்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி, தியானம், இயற்கைச் சூழலில் நேரம் செலவிடுதல் ஆகியவற்றை நோயற்ற சாதாரண மக்களிடம் போதிய எண்ணிக்கையில், முன்கூட்டியே திட்டத்தைப் பதிவுசெய்து சோதித்த ஆய்வுகள் வியப்பூட்டும் அளவு குறைவு என்பது அவர்களுடைய முடிவு. அவை பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று மேடையில் முழங்கும் அளவுக்கு நிரூபணம் இல்லை என்றே பொருள். நன்றி உணர்வை வெளிப்படுத்துவதற்கும் பிறரோடு பேசிப் பழகுவதற்கும் சான்று ஓரளவு மேலாக இருந்தது.

என் பரிந்துரை, வாரத்தில் இரண்டு முறை நேரில் ஒருவரோடு செலவிடும் ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள் என்பது. சொல்வதற்கு மிக எளிதாகத் தெரியும் இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், நானும் தள்ளினேன். தனிமையில் செய்யக்கூடிய பயிற்சிகளையே நாடுவதற்குக் காரணம், அவற்றுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எழுத விரும்புவோர், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் இரவில் எழுதலாம். மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வில், இதை ஒரு வாரம் செய்யச் சொன்னவர்களிடம் ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. தாமாகவே தொடர்ந்து செய்தவர்களிடம் அது மேலும் தெளிவாக இருந்தது. ‘ஏன்’ என்ற பகுதியை விட்டுவிட்டால் இது வெறும் பட்டியலாகி, பத்தாம் நாளில் ‘உணவு, தூக்கம், குடும்பம்’ என்று பல்லவி பாடத் தொடங்கும்.

மனக்காயத்தைப் பற்றி எழுதுவது வேறு வகை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் சோதித்த முறைப்படி, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதுவார்கள். எழுதி முடித்த உடனே மனநிலை தாழ்வது இயல்பு என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். உறங்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். காயம் அண்மையது என்றால் தனியாகச் செய்யவே வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததை ‘எப்போது, எங்கே, எதற்குப் பிறகு’ என்ற வடிவில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘நண்பர்களை அடிக்கடி சந்திப்பேன்’ என்பது ஆசை. ‘புதன்கிழமை வேலை முடிந்ததும், வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அவரை அழைத்துச் சனிக்கிழமை நடைக்கு நேரம் குறிப்பேன்’ என்பது திட்டம். பீட்டர் கோல்விட்சர் இத்தகைய வாக்கியங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். எண்ணியதைச் செய்து முடிப்பவர்களின் எண்ணிக்கை இவற்றால் உயர்கிறது.

7. நான்கு வாரம் நடத்துங்கள், இரண்டு வாரம் நிறுத்துங்கள், மீண்டும் நான்கு வாரம்

கால அட்டவணை இவ்வாறு அமையும்: 1, 2ஆம் வாரங்கள் வழக்கமான நிலை, 3 முதல் 6 வரை மாற்றம், 7, 8 நிறுத்தம், 9 முதல் 12 வரை மீண்டும் மாற்றம். ஐந்து கேள்வித் தாளை ஒவ்வொரு இரண்டு வார முடிவிலும் நிரப்புங்கள், மொத்தம் ஆறு முறை. வாழ்க்கைத் திருப்தித் தாளை முதல் நாளிலும் கடைசி நாளிலும் நிரப்புங்கள்.

நிறுத்துவதற்குத்தான் மனம் வராது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் நிறுத்த வேண்டும் என்று தோன்றும். நிறுத்திப் பார்க்காவிட்டால், பலன் அந்தப் பழக்கத்தால் வந்ததா, அந்த மாதத்தில் அலுவலக நெருக்கடி தணிந்ததால் வந்ததா என்று அறிய வழியே இல்லை. ஆனால் மருத்துவர் தந்த மருந்தையோ ஆலோசனை அமர்வையோ இந்தக் கணக்குக்காக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். உடன் நடக்கும் நண்பரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் நிறுத்தி, அவருடைய கோபத்தை ஆற்றுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்து எண்களையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்கை நம்பித் திட்டமிடாதீர்கள். ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்குவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு நேரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஒரு நாள் விட்டுப்போனதற்காக ஏட்டைத் தூக்கி மூலையில் எறிய வேண்டாம்.

8. எண்களை எப்படிப் படிப்பது

நான்கு பகுதிகளின் பகல் சராசரிகளையும் ஒரே வரியில் எழுதுங்கள். முதல் சுற்றில் நான் சோதித்தது தியானம்: 5.4, 5.6, 5.6, 5.5. இரண்டாம் சுற்றில் நண்பரோடு நடை: 5.3, 6.1, 5.5, 6.2. முதல் வரியைப் பார்க்கும் வரை, தியானம்தான் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் ஏட்டில் இது நேர்மாறாகவும் வரலாம். என் எண்கள் எனக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

ஏறி, இறங்கி, மீண்டும் ஏறினால் அந்தப் பழக்கத்துக்குப் பங்கு இருக்கிறது என்று கொள்ளலாம். ஏறிய பிறகு நிறுத்தத்திலும் இறங்காமலே இருந்தால் இரண்டு விளக்கங்கள் உண்டு: பலன் நீடித்திருக்கலாம், அல்லது வேறு ஏதோ காரணத்தால் ஏறியிருக்கலாம். ஐந்து கேள்வித் தாளில் பத்து மதிப்பெண் வேறுபாட்டைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கருதுவது வழக்கம். 60 என்பது 64 ஆனதற்குக் கொண்டாட வேண்டியதில்லை. பண்டிகை, காய்ச்சல், இழப்பு போன்ற நாட்களை வட்டமிட்டு, அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை கணக்கிடுங்கள்; முடிவு மாறினால் அந்த முடிவை நம்பாதீர்கள்.

9. துல்லியமான எண்களோடு வரும் வாக்குறுதிகளிடம் எச்சரிக்கை

இந்தத் துறையின் பெயரால் விற்கப்படும் பயிற்சி வகுப்புகளில் சேருவதற்கு முன் இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, நேர்மறை உணர்வுகள் எதிர்மறை உணர்வுகளைப்போல் 2.9 மடங்கு இருந்தால் வாழ்வு செழிக்கும் என்பது. 2005இல் வெளியான இந்த விகிதத்தின் கணிதத்தை நிக்கலஸ் பிரௌன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகியோர் 2013இல் சோதித்து, அதற்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. மற்றொன்று, மகிழ்ச்சியில் 40 விழுக்காடு உங்கள் கையில் இருக்கிறது என்பது. மரபணு, சூழல், செயல் ஆகியவை மக்களுக்கு இடையிலான வேறுபாட்டில் வகிக்கும் பங்கைப் பற்றிய தோராயமான மதிப்பீடு அது. ஒரு தனி மனிதரின் மகிழ்ச்சியை அப்படி வெட்டிப் பங்குபோட முடியாது. இவ்விரண்டில் ஒன்றையாவது பயிற்றுநர் பலகையில் எழுதினால், கட்டணத்தைத் திரும்பக் கேட்பதற்கான விதியை அன்றே படித்துவிடுங்கள்.

உளவியல் ஆய்வுகளிலேயே மறுபடி செய்து பார்த்தபோது நிலைத்தவை உண்டு, நிலைக்காதவையும் உண்டு. 2015இல் 100 ஆய்வுகளை மீண்டும் நடத்தியபோது, 36 விழுக்காட்டில்தான் குறிப்பிடத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது. நான் மேலே சொன்ன ஆய்வுகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். சொந்த ஏடு வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

10. பன்னிரண்டாம் வாரத்தோடு அளவையை நிறுத்துங்கள்

ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் காட்டியபடி, மகிழ்ச்சியை மிகையாகப் பெரிதுபடுத்துவோர், மகிழ்வதற்கு எல்லாம் கூடிவந்த நேரத்திலும் ஏமாற்றத்தையே உணர்கிறார்கள். பத்தாம் வாரத்தில் நானும் அந்த நிலைக்கு வந்தேன்: நல்ல உரையாடலின் நடுவில், இது 7ஆ 8ஆ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே கைப்பேசியின் மணிகளை அழித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஓர் இரண்டு வாரம் மட்டும் மீண்டும் அளக்கலாம். வாழ்க்கைத் திருப்தித் தாளை ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாளோ புத்தாண்டோ அல்லாத ஒரு சாதாரண நாளில் நிரப்புங்கள்.

ஏட்டில் பிறரின் பெயர்களை முதலெழுத்துகளாக மட்டும் எழுதியிருந்தீர்களா என்று ஒரு முறை சரிபாருங்கள். செயலியில் பதிவு செய்தவர்கள், பதிவுகளைத் தனிக் கோப்பாகத் தரவிறக்கிக்கொண்ட பிறகே கணக்கை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மருத்துவரிடம் காட்ட வேண்டி வந்தால் முழு ஏட்டையும் நீட்டாதீர்கள். ஆறு மதிப்பெண்களையும் நான்கு சராசரிகளையும் ஒரே தாளில் எழுதி, தேதியிட்டு எடுத்துச் செல்லுங்கள்.